நூல் சாயும் பக்கம்

யார் வீட்டுக்குப் போனாலும் அந்த அக்கா முதலில் ஆட்களைப் பார்க்க மாட்டாள். சன்னலைப் பார்ப்பாள். சன்னல் இருந்தால் அதற்கு எதிர்ச்சுவரைப் பார்ப்பாள். அங்கே வாசலோ, இன்னொரு சன்னலோ, குறைந்தபட்சம் ஒரு ஓட்டையோ இல்லையென்றால் முகம் சுண்டிப்போகும். “வாங்க, உக்காருங்க” என்று வீட்டுக்காரர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, முந்தானை ஓரத்தில் ஒரு நூலை உருவி, பல்லால் கடித்துப் பிய்த்து, இரண்டு விரலில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பாள். நூல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறாளாம். பிள்ளை பெற்ற வீட்டிலும் அப்படித்தான், துக்கம் கேட்கப்போன வீட்டிலும் அப்படித்தான். அவள் சேலை ஒன்றுக்குக்கூட ஒழுங்கான முந்தானை கிடையாது.

“வார வழி ஒண்ணு வேணும். போற வழி ஒண்ணு வேணும். ரெண்டும் இல்லன்னா அது வீடா? தகர டப்பா” என்பாள்.

ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. மாடியில் ஒரு பெரிய அறையும் ஒரு சின்ன அறையும் உண்டு. வாடகைக்குக் கேட்டு வந்த அன்றே எங்கள் மாடியைத் தகர டப்பா என்று சொன்னவள் அவள். என் மாமியாருக்கு வந்ததே கோபம். “வீட்டைத்தான் வாடகைக்கு விடுதோம், காத்தை விடலை” என்றார்கள். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. “காத்தை நாங் கொண்டாந்துக்கிறேன் மாமி. சன்னலைத் தொறக்க மட்டும் சம்மதிங்க” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் எங்களோடு ஒட்டிக்கொண்டது அந்தச் சிரிப்பில்தான் என்று நினைக்கிறேன். வந்த புதிதில் என்னை ‘நீங்க, வாங்க’ என்றாள். மழைக்காலம் முடிவதற்குள் ‘ஏட்டி’ ஆகிவிட்டேன்.

அவளுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயசு இருக்கும். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். பிள்ளைகள் இல்லை. வன்னியம்பட்டியில் ஒரு தம்பி. சின்ன வயசிலிருந்தே பஞ்சு மில்லில் வேலை பார்த்தவள், அதிலும் புளோ ரூமில். பொதி பொதியாக வந்த பஞ்சைப் பிரித்து ஊதுகிற இடம் அது. பனி மாதிரி இருக்குமாம், எதிரில் நிற்கிற ஆள் புருவம் நரைத்துத் தெரியுமாம். மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் அங்கிருந்து நின்றிருக்கிறாள். ஆனால் அவள் வாயால் ‘எனக்கு மூச்சு இழுக்குது’ என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. மாடிப்படியில் பாதியில் நிற்பாள். ஏன் என்று கேட்டால், “இந்த எடத்துல காத்து நல்லாருக்கு” என்பாள். மாடிப்படியில் காற்றே வராது.

எங்கள் மாடியில் அவள் வைத்தது காளான் கூடாரம்.

முதலில் மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டுத்தான் வளர்த்தாள். சித்திரை வெயிலில் அம்புட்டும் கருகிப்போனது. பிறகு எங்கோ பார்த்து, யார் யாரையோ கேட்டு, ஒரு டென்ட்டை வரவழைத்தாள். வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளிக் காகிதம் போல மினுமினுப்பு, முன்பக்கம் நீள ஜிப்பு. கம்புகளைச் சொருகி நிறுத்தினால் பெரிய அறையில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டது. அதற்குள் வைக்கோல் அடைத்த பைகளை உறி மாதிரித் தொங்கவிட்டிருந்தாள். பைகளின் ஓட்டைகளில் சிப்பிக்காளான் கொத்துக் கொத்தாக எட்டிப் பார்க்கும். கீழே, தரையை ஒட்டி ஒரு ஓட்டை, அதில் ஈரத்துணி. அது வார வழி. மேலே ஒரு விசிறி, அதிலிருந்து புழு மாதிரி மடிப்பு மடிப்பான ஒரு பைப், பைப்பின் வாய் சன்னலுக்கு வெளியே. அது போற வழி. இரண்டு இடத்திலும் மில் நூல் ஒன்று கட்டித் தொங்கும்.

எனக்கு இந்த மாதிரி வேலைகளில் பொறுமை கிடையாது. ஆனாலும் அவள் சொல்லக் கேட்கப் பிடிக்கும். டென்ட்டின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே சொல்லுவாள்.

“வயிறு ஒட்டியிருக்குல்ல? அப்படித்தான் இருக்கணும். உள்ள இருக்க கெட்ட காத்தை மேல விசிறி இழுக்குதுன்னு அர்த்தம். உப்பிக்கிட்டு நின்னா, போற வழியில ஏதோ அடைச்சிருக்கு.”

“காளானுக்கு எதுக்குக்கா இம்புட்டுக் காத்து? அது செடியா, கொடியா?”

“செடி நம்ம விடுத மூச்சை எடுத்துக்கிடும். இது நம்மள மாதிரிட்டி. இதுவும் மூச்சு விடும். விட்ட மூச்சு வெளிய போகலன்னா முட்டும். முட்டுதுன்னு வாய்விட்டுச் சொல்லவா செய்யும்? இந்தா பாரு, காலு மட்டும் நீண்டு தலை சிறுத்துக் கிடக்கு. நேத்துக் கரண்டு போயிருச்சுல்ல, அதான்.”

அதற்காக விசிறியை நேராக வைத்துவிடவும் கூடாது. ஓரமெல்லாம் காய்ந்து வெடித்துவிடும். சின்ன விசிறி ஒன்றைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தாள். காற்று சுவரில் முட்டி, அதன் கோபம் தணிந்து, பிறகுதான் காளானிடம் வரவேண்டும். “மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி நேரா மூஞ்சியில பேசக் கூடாது” என்பாள்.

டென்ட்டுக்குள் போய்விட்டு வருகிற யாருக்கும் ஒரு துண்டு கருப்பட்டி உண்டு. இது அவள் மில்லிலிருந்து கொண்டுவந்த பழக்கம். தூசியில் வேலை செய்தால் கருப்பட்டி தின்ன வேண்டும், தூசி அதோடு வயிற்றில் இறங்கி மறுநாள் வெளியே போய்விடும் என்று அங்கே மூத்த பொம்பளைகள் சொல்லிக்கொடுத்தது. அவள் கடைவாயில் எந்நேரமும் ஒரு துண்டு கிடக்கும். ஒரு கன்னம் லேசாக உப்பியே இருக்கும். அவளைத் தெரியாதவர்கள் பல்வலி என்று நினைப்பார்கள்.

ஒரு நாள் பகலில் கரண்டு போனபோது காளான் வாங்க மேலே போனேன். டென்ட்டின் ஜிப்பை முழுக்கத் திறந்துபோட்டு, உள்ளே குத்தவைத்து, சுளகால் விசிறிக்கொண்டிருந்தாள். சன்னல் வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. அந்தப் பட்டைக்குள் வெள்ளைப்பொடி சுழன்றுகொண்டிருந்தது. மாவு மில்லில் பார்த்திருப்பீர்களே, அப்படி. காளான் தலை விரிந்துவிட்டால் அப்படிப் பொடி விடும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். எனக்குத் தொண்டை கரகரத்து இருமல் வந்தது.

“நீ வெளிய போட்டி. ஒனக்குப் பழக்கமில்ல.”

“உங்களுக்கு?”

“பஞ்சைத் தின்ன நெஞ்சு இது. இதெல்லாம் எம்மாத்திரம்?” என்று கன்னத்துக் கருப்பட்டியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். கொரோனாவுக்கு வாங்கிய மாஸ்க் ஒரு டப்பா நிறைய வைத்திருந்தாள். காளான் வாங்க வருகிறவர்களுக்குக் கொடுப்பாள். தான் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அவள் சொல்வது எல்லாம் சரியாக இருக்கும் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சொந்தத்தில் ஒரு நிக்காவுக்கு அவளையும் கூட்டிப்போனோம். ஏசி மண்டபம், கதவெல்லாம் சாத்தியிருந்தது. அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நூலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரம் ஓரமாக நடந்தவள், சமையல்கட்டுப் பக்கத்துக் கதவையும் வாசல் கதவையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டுவிட்டாள். ரோட்டுப் புழுதியும் பிரியாணிப் புகையும் ஒன்றாக மண்டபத்துக்குள் வந்தன. மேடையில் ஒட்டியிருந்த காகிதப்பூ வளைவு பெயர்ந்து மாப்பிள்ளை தலையில் விழுந்தது. ஏசிக்காரன் சண்டைக்கு வந்தான். என் மாமியார், “இவ யாருன்னே எங்களுக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டார்கள். அக்கா மட்டும், “இப்பப் பாரு, நூலு எப்படிச் சாயுது” என்று என்னிடம் காட்டினாள்.

தம்பி எப்போதாவது முருங்கைக்காய், வெண்டைக்காய் என்று பையோடு வருவான். “வீட்டுக்கு வந்துரு அக்கா. ஒத்தையில கெடந்து என்ன செய்யப்போற?” என்று கேட்பான். நல்ல மனுஷன், ஒப்புக்குக் கேட்கிற ஆள் இல்லை. அவன் போனபிறகு ஒரு தடவை, “ஏங்க்கா போக மாட்டேங்கிறீங்க? அங்க சண்டையா?” என்று கேட்டேன்.

“சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. மில்லை விட்டு நின்னதும் அங்கதான இருந்தேன். தம்பி பொண்டாட்டி எனக்குப் போட்டுட்டுத்தான் அவ சாப்பிடுவா. குறை சொன்னா நாக்கு அழுகிரும். ஆனா தண்ணி குடிக்க எந்திரிச்சாலும், ‘என்ன மதினி வேணும்?’னு கேப்பா. வாசலுக்குப் போனா, ‘எங்க மதினி?’ன்னு கேப்பா. யாரும் கேக்காம ஒரு நாளு தண்ணி குடிக்கணும்னு இருந்துச்சுட்டி. அதான் வந்தேன்.” முந்தானை நூலை விரலில் சுற்றிக்கொண்டே, “அங்க எனக்கு வார வழி இருக்கு. போற வழி இல்ல” என்றாள்.

அந்த டென்ட் அவளுக்கு என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அது நின்றுபோனால் அவள் வன்னியம்பட்டிக்குப் போயாக வேண்டும்.

ஆடி மாதம் வந்தது. மேற்கே அய்யனார் கோவில் மலைப் பக்கமிருந்து மேகாற்று அடிக்க ஆரம்பித்தால் எங்கள் சந்தில் கதவு சன்னல் எல்லாம் தானாகப் பேசும். பைப்பின் வாய் மேற்கே பார்த்திருந்ததால், விசிறி வெளியே தள்ளுவதைக் காற்று திரும்ப உள்ளே தள்ளியது. டென்ட் வயிறு உப்பிக்கொண்டு நின்றது. அக்கா பதறிப்போய்ப் பைப்பைக் கிழக்கே திருப்பிச் சின்ன அறைக்குள் கொண்டுபோய், அந்த அறைச் சன்னல் வழியாக வெளியே விட்டாள். அந்தப் பக்கம் அடுத்த வீட்டு மொட்டை மாடி. தெலுங்கு பேசுகிறவர்கள், தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்க்காரர்கள். அந்த வீட்டு அம்மா அங்கேதான் துணி காயப்போடுவார்கள்.

சில நாள் கழித்து அக்கா பைப்பை மறுபடி மாற்றிவிட்டதாகச் சொன்னாள். சன்னலுக்கு வெளியே பைப் இல்லை. “இப்ப எங்கக்கா போகுது?” என்றேன். “போற எடத்துக்குப் போகுது” என்றாள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை, எனக்கு ஆயிரம் வேலை.

ஆவணியில் அவள் இருமல் கீழே எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்டது. வறட்டு இருமல், ஆரம்பித்தால் நிற்காது. மாமியார் மிளகுக் கஷாயம் கொடுத்தனுப்பினார்கள். “மேகாத்து சேரலை” என்றாள் அக்கா. சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது. காளான் கொண்டுபோய்ப் போட கடைகளுக்கு நடந்து போகிறவள் ஆட்டோவில் போனாள். ஒரு நாள் காலையில் தண்ணீர் பிடிக்கக் கீழே வரவேயில்லை. நான் மேலே போனேன்.

அவள் படுக்கிற சின்ன அறைக்குள் நான் அதிகம் போனதில்லை. கதவைத் தள்ளினேன். சன்னல் அடைத்திருந்தது. அக்கா இருக்கிற இடத்தில் சன்னல் அடைத்து நான் பார்த்ததேயில்லை. பிறகுதான் பைப்பைப் பார்த்தேன். கதவுக்கு மேலிருந்த ஓட்டை வழியாக வந்து, அறைக்குள்ளேயே வாயைத் திறந்துகொண்டு நின்றது. வாயில் ஒரு ஈரத்துண்டு கட்டியிருந்தாள். துண்டு காய்ந்து விறைத்துப் போயிருந்தது. தட்டு, தம்ளர், மடித்த சேலை எல்லாவற்றின் மேலும் வெள்ளைப்பொடி. பைப் வாயில் கட்டியிருந்த நூல் அவள் தலையணைப் பக்கமே நீட்டிக்கொண்டு நின்றது. தலையணையில் அவள் சாய்ந்து உட்கார்ந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கருப்பட்டி.

எனக்கு வந்த ஆத்திரத்தில் முதலில் விசிறி சுவிட்சை அணைத்தேன். சன்னலை ஓங்கித் திறந்தேன்.

“என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க? அறிவிருக்கா உங்களுக்கு? ஊர் உலகத்துக்கெல்லாம் காத்துச் சொல்லிக்கொடுக்கிற ஆளு!”

“சத்தம் போடாதட்டி. அவுகளுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும். யாரு உங்களை இதை உள்ள திருப்பச் சொன்னது?”

“யாரும் சொல்லலை. பக்கத்து வீட்டம்மா மருமககிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தாக. எங் காதால கேட்டேன். ‘அந்தா தும்மு, அந்தா தும்மு’ன்னு கையைக் காட்டிக் காட்டிச் சொன்னாக. கைப்பிள்ளை இருக்க வீடு. என் பைப்புக் காத்துல அந்தப் பச்சப்புள்ள தும்முதுன்னா நாங் கேட்டுக்கிட்டு இருக்கவா?”

‘அந்தா தும்மு’ என்று நானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டோடு பழகியவள் நான், தெலுங்கு ஓரளவு தெரியும். அவர்கள் பேச்சில் தும்மு என்றால் தூசி. அந்தா என்றால் எல்லாம். காயப்போட்ட துணியெல்லாம் ஒரே தூசி என்று அந்த அம்மா மருமகளிடம் சலித்துக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். பிள்ளை தும்மவும் இல்லை, யாரும் இவளைக் குறை சொல்லவும் இல்லை.

அதை அவளிடம் சொன்னேன்.  அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். “இம்புட்டு வருசம் ராசாளையத்துல கெடந்தும் இது தெரியாமப் போச்சே. தூசியா? வெறும் தூசியா?” சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், கண் செருகிவிட்டது. அந்தத் தெலுங்குக்கார அம்மா சத்தம் கேட்டு எங்கள் மாடிக்கே ஓடிவந்தார்கள். விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு, “துணிதானம்மா, உதறிக் கட்டிக்கிட்டுப் போறேன்! துணிக்காக யாராச்சும் இப்படிச் செய்வாங்களா?” என்று அழுதார்கள். இருமல் கொஞ்சம் அடங்கியதும் அக்கா அவர்களைத் தேற்றினாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நெஞ்சு பார்க்கிற டாக்டரம்மா ஒருவரிடம் நான்தான் கூட்டிப்போனேன். பஸ்ஸில் ஏறியதும் சன்னல் கண்ணாடியைத் தள்ளினாள். தள்ள முடியவில்லை, நான் தள்ளிவிட்டேன். எக்ஸ்ரே எடுத்தவர், “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்றார். “இழுக்கத்தான் வந்திருக்கேன், அது வந்தா எதுக்கு இங்க வாரேன்?” என்றாள். அவருக்கே சிரிப்பு வந்தது.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்து நிறைய நேரம் பார்த்தார். மில் வேலையைப் பற்றிக் கேட்டார், காளானைப் பற்றிக் கேட்டார். பஞ்சுத் தூசியில் ஏற்கனவே சுருங்கிப்போன நெஞ்சு என்றும், காளான் பொடி இப்போது உள்ளே புண்ணாக்கிக்கொண்டிருக்கிறது என்றும் சொன்னார்.

“மாஸ்க் போட்டீங்களாம்மா?”

“கருப்பட்டி சாப்பிடுதேம்மா. ஒரு நாளும் விட்டதில்ல.”

“கருப்பட்டியா?”

“தூசி அதோட வயித்துல எறங்கிரும்லா. காலையில வெளிய போயிரும்.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. தன் கழுத்தில் இரண்டு விரலை வைத்துக் காட்டினார். “சாப்பாடு போற குழாய் இது. மூச்சு போற குழாய் இது. ரெண்டும் வேற வேறம்மா. கருப்பட்டி தொண்டைக்கு இதமா இருக்கும். வயித்துக்குத்தான் போகும். நெஞ்சுக்குப் போகாது.”

அக்கா கன்னத்திலிருந்ததை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“அப்ப நெஞ்சுக்குள்ள போனது எப்படிம்மா வெளிய வரும்?”

“கொஞ்சம் இருமல்ல வரும். உள்ள போன வழியாத்தான் வரணும். வேற வழி இல்ல.”

“ஒரே வாசலா?”

“ஆமாம்மா.”

“வார வழியும் அதான், போற வழியும் அதானா?” அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் அப்படி ஒரு ஏமாற்றத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. “இதை எந்தக் கொத்தன்ட்டி கட்டுனான்?”

 டாக்டரம்மா மருந்து எழுதினார். காளான் இருக்கிற வீட்டில் இனிமேல் ஒரு நாளும் இருக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். திரும்பி வரும்போது அக்கா சன்னலோரத்தில் உட்கார்ந்தும் கண்ணாடியைத் திறக்கவில்லை. மடவார்வளாகம் தாண்டியபிறகு, “அப்ப இத்தன வருசம் தின்ன கருப்பட்டியெல்லாம் வீணாட்டி?” என்றாள். “வயித்துக்குத்தான போச்சு, அது வீணாக்கா?” என்றேன். “அதுவும் சரிதான்” என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

காளானை விடச் சொன்னதை அவள் கேட்பாள் என்று நான் நம்பவில்லை, அவள் கேட்கவும் இல்லை. மாஸ்க்குக்கு மேல் மாஸ்க் போட்டுக்கொண்டாள். என் வீட்டுக்காரர் ஆள் வைத்துப் பைப்பைக் கூரைக்கு மேலே உயரமாக ஏற்றிக் கொடுத்தார். தலை விரியும் முன்னாலேயே காளானைப் பறித்தாள். என் மாமியார், வாயால் திட்டினாலும், “கீழ் ரூமைக் காலி பண்ணித் தாரேன், பேசாம வந்து இரு” என்று அவர்களாகவே கூப்பிட்டார்கள். அக்கா அவர்கள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், ஆனால் வரவில்லை. “ஒங்க மாமி தங்கம்ட்டி. ஆனா அதும், ‘என்ன வேணும்?’னு கேக்க ஆள் இருக்க வீடுதான” என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு மனுஷி மூச்சை விட்டுக்கொடுத்துவிட்டு இந்த வைராக்கியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? ஆனால் அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் முடிவை அவள் கால்தான் எடுத்தது. குளியலறைக்கும் படுக்கைக்கும் நடக்க முடியவில்லை. தம்பி வேன் கொண்டுவந்தான். அன்று காலையில் பைகளையெல்லாம் வெளியே எடுக்கச் சொன்னாள். வெற்று டென்ட்டுக்குள் விசிறியை ஓடவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து அதன் வயிறு ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இப்பத்தான் நல்லா மூச்சு விடுது” என்றாள். தம்பி அதைப் பிரித்து மடித்து வேனில் ஏற்றினான்.

தை பிறந்தபிறகு வன்னியம்பட்டிக்கு அவளைப் பார்க்கப் போனேன். தம்பி வயலுக்குப் போயிருந்தான். அவன் பொண்டாட்டி உள்ளே கூட்டிப்போனாள். அறை சுத்தமாக இருந்தது, விரிப்பு வெள்ளையாக இருந்தது, தலைமாட்டில் சுடுதண்ணீர் பிளாஸ்க். பக்கத்தில் மூச்சு மிஷின் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த குழாய் அக்காவின் மூக்கில். பாதியாக இளைத்துவிட்டாள். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று பேசினாள்.

“மிசினை... செவுத்தை விட்டுத்... தள்ளி வையின்னேன். அதுக்கும்... மூச்சு வேணும்ல.”

தம்பி பொண்டாட்டி, “வந்ததுலேருந்து இதான் பேச்சு. மிசினுக்குக் காத்து, பிளாஸ்க்குக்குக் காத்து” என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் சன்னல் கம்பியைப் பார்த்தேன். அதில் ஒரு நூல் கட்டியிருந்தது. முந்தானை நூல். சன்னல் திறந்துதான் இருந்தது, ஆனால் நூல் ஆடாமல் அசையாமல் நேராகத் தொங்கியது.

எதிர்ச்சுவரைப் பார்த்தேன். அங்கே கொல்லைக் கதவு ஒன்று இருந்தது. அதை மறைத்து மக்காச்சோள மூட்டைகள், மேலே ஒரு துணி போர்த்தியிருந்தது. வெளியே கறுப்பு, மடிப்பு விலகிய இடத்தில் உள்ளே வெள்ளி மினுக்கம்.

அக்கா என் கண் போன இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  தம்பி வீட்டில் அந்தக் கதவைத் திறக்கச் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஊரான் வீட்டு மண்டபக் கதவையெல்லாம் திறந்தவள்.

நான் முந்தானையைச் செருகிக்கொண்டு போய் முதல் மூட்டையை இழுத்தேன்.

“ஐயோ, நீங்க எதுக்கு? கதவைத் தொறந்தா எலி வரும்” என்றாள் தம்பி பொண்டாட்டி.

“வரட்டும்” என்றேன். “ஒரு பக்கம் புடிங்க.”

 அவளும் வந்து பிடித்தாள். பொல்லாதவள் இல்லை, யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொன்றாக இழுத்து அடுத்த அறையில் தள்ளினோம். தூசி கிளம்பும் என்று மூட்டைமேல் ஈரச்சாக்கைப் போர்த்தி, மெதுவாகத்தான் செய்தோம். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. கையால் குத்தித் திறந்தேன். வெளியே வயல், வயலுக்கு அப்பால் மலை.

சன்னலில் நூல் லேசாகத் திடுக்கிட்டது. பிறகு அறைக்குள் பார்த்துச் சாய்ந்தது.

“சாயுதுட்டி” என்றாள் அக்கா.

 மூட்டைத் தூசி தொண்டையில் கரகரத்து நான் இருமினேன். அக்கா தலையணைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். ஒரு காகிதப் பொட்டலம், அதற்குள் கருப்பட்டி. ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

“தூசிய... முழுங்கியிருக்க. தின்னு.”

“அக்கா, டாக்டரம்மா என்ன சொன்னாங்க?”

“அது... எனக்கு. நீ... தின்னுட்டி. எறங்கிரும்.”

வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். அவள் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது முழுக்கக் கரைகிற வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.